மினி கூப்பர் எஸ்: மூன்றாவது சிலிண்டர் படுத்துவிட்டால் எங்கே தேடுவது, எப்படிக் கட்டுவது

கேள்வியின் சுருக்கம் இது. இங்கிலாந்தில் ஓடும் 2004 மாடல் மினி கூப்பர் எஸ். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு, முந்தைய உரிமையாளர் 15 சதவீதம் சிறிய புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) மாட்டியிருக்கிறார். மோட்டார்வே ஏற்றத்தில் முழுசாக மிதித்துப் போகும்போது வண்டி ஒரு உதறு உதறியது, இன்ஜின் விளக்கு எரிந்தது. இப்போது நின்ற இடத்தில் ஆடுகிறது, நீலப் புகை விடுகிறது. ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு, ஒன்றிலிருந்து நான்கு வரை முறையே 155, 150, 60, 150 பிஎஸ்ஐ. 'இன்ஜினையே மாற்றிவிடுங்கள்' என்கிறார் கராஜ்காரர். பிஸ்டன்தானா? கட்டலாமா? ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போட வேண்டுமா?

பெரும்பாலும் பிஸ்டன்தான். கட்டலாம். ஆனால் அந்தப் பிஸ்டன் ஏன் போனது என்று தெரியும் வரைக்கும் ஒரு பாகம்கூட ஆர்டர் செய்யாதீர்கள். புது பிஸ்டனையும் அதே காரணம் தின்றுவிடும்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்த வண்டியில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில் பேக். ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஜோடி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பொறி போகும். காயில் கெட்டால் வழக்கமாக இரண்டு சிலிண்டர் சேர்ந்து தடுமாறும். மூன்று மட்டும் படுத்திருக்கிறது என்றால் ப்ளக், ப்ளக் வயர், இன்ஜெக்டர், இல்லையேல் உள்ளே இரும்பு வேலை. 60 பிஎஸ்ஐ வந்த பிறகு முதல் மூன்றையும் தள்ளி வைக்கலாம். வால்வா, கேஸ்கெட்டா, பிஸ்டனா என்பதுதான் மிச்சம்.

கம்ப்ரஷனை ஒழுங்காக எடுத்தார்களா என்று கேளுங்கள். நான்கு ப்ளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் பிடுங்கியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுசாக மிதித்திருக்க வேண்டும், பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும். பிறகு மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். 60 என்பது 110, 120 என்று ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. அசையாமல் நின்றால் வால்வையும் கேஸ்கெட்டையும் சந்தேகப்படலாம். ஆனால் பிஸ்டனில் பெரிய துண்டு போயிருந்தால் ஆயில் விட்டாலும் ஏறாது. அதனால் இந்தச் சோதனையோடு நிறுத்த வேண்டாம்.

லீக்டவுன் சோதனைதான் உண்மையைச் சொல்லும். மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடியும் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு, ப்ளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுங்கள். எவ்வளவு கசிகிறது என்பதைவிட எங்கே சீறுகிறது என்பதைக் கவனியுங்கள். சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். கூலன்ட் டப்பாவில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வ். இந்த வண்டியில் காற்று இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி), பைபாஸ் வழியெல்லாம் சுற்றி வருவதால் சத்தம் மழுங்கித்தான் வரும், அவசரப்பட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தால், விஷயம் பிஸ்டனிலோ ரிங்கிலோ இருக்கிறது. நீலப் புகையையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வண்டியில் இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

ஒரு குறுக்குத் தகவல். இந்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜருக்குள் இன்ஜின் ஆயில் போவதில்லை. முன்பக்க கியருக்கும், தண்ணீர் பம்பைச் சுழற்றும் பின்பக்க கியருக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் ஆயில் அடைத்து வைத்திருப்பார்கள். சீல் போனால் அந்த ஆயிலும் உறிஞ்சப்பட்டுப் புகையும், ஆனால் ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் மட்டும் விழாது.

இப்போது மூன்றாவது ப்ளக்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் மாதிரி கருப்புப் புள்ளியும், நடுநடுவே மினுக்கும் பொடியும் இருக்கிறதா? மினுக்குவது அலுமினியம், அதாவது உங்கள் பிஸ்டன். மற்ற மூன்று ப்ளக்கையும் அதே லென்ஸில் பாருங்கள். அங்கேயும் புள்ளி இருந்தால் கோளாறு ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. சின்னக் கேமரா இருந்தால் ப்ளக் துளை வழியாக விட்டு சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் தலையையும் படம் எடுத்து வையுங்கள். ஆனால் உடைந்த இடம் பெரும்பாலும் பிஸ்டனின் பக்கவாட்டில் இருக்கும், மேலிருந்து தெரியாது. தலை நன்றாக இருக்கிறது என்று கேமரா காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

பிஸ்டன் வெளியே வந்த பிறகு அது உடைந்த விதத்தைப் படிக்க வேண்டும். ரிங் பள்ளங்களுக்கு நடுவே வயல் வரப்பு மாதிரி நிற்கும் பகுதியை ரிங் லேண்ட் என்பார்கள். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள அந்த வரப்பு துண்டாகப் பெயர்ந்து, பிஸ்டன் விளிம்பில் உப்புத்தாள் தேய்த்தது போல் சொரசொரப்பு இருந்தால் நாக்கிங். பொறி பற்றிய பிறகு கடைசியில் மிச்சமிருக்கும் கலவை தானாக ஒரே நொடியில் வெடித்து அடிக்கும் அடி அது. தலையின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால், பொறிக்கு முன்பே எங்கோ சூடான இடத்தில் தீப்பிடித்திருக்கிறது: அதிகச் சூடு வாங்கும் ப்ளக், சிவந்து நிற்கும் கார்பன் கட்டி போன்றவை. பக்கவாட்டில் நான்கு மூலையிலும் தேய்ந்த கோடு இருந்தால் இன்ஜின் சூடேறுவதற்கு முன் மிதித்திருக்கிறார்கள், அல்லது கிளியரன்ஸ் போதவில்லை. ரிங் முனைகள் இரண்டும் பளபளவென்று மின்னினால், சூட்டில் ரிங் நீண்டு முனையோடு முனை முட்டியிருக்கிறது. அப்படி முட்டினால் ரிங் சுவரில் இறுகிக்கொண்டு வரப்பையே பிய்த்துக்கொண்டு போகும். கடைசியில் சொன்னதும் முதலில் சொன்னதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ரிங் முனையைப் பார்க்காமல் பெட்ரோலைக் குறை சொல்லிவிடக் கூடாது.

உங்கள் வண்டியில் நாக்கிங்தான் முதல் சந்தேகம், புல்லி அப்படி. புல்லியின் விட்டம் 15 சதவீதம் குறைந்தால் சூப்பர்சார்ஜர் சுமார் 17.6 சதவீதம் கூடுதலாகச் சுற்றும் (1 வகுத்தல் 0.85). காற்று கூடும், அதைவிடச் சூடு கூடும். ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் வேகம் கூடக் கூடக் காற்றைக் கொதிக்க வைக்கும் ஜாதி. இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நெரிசலில் நின்று நின்று வந்தால் அதுவே சூடு வாங்கிவிடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், ஆனால் பழைய இன்ஜெக்டர் உயர் வேகத்தில் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழு நேரமும் திறந்தே இருக்கிறது. புல்லி மட்டும் மாற்றி, ட்யூனும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு) ப்ளக்கும் பழையபடியே விட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன, உண்மைதான். எல்லாமே கச்சிதமாக இருக்கும் வரைக்கும் ஓடும். இருபது வருட வண்டியில் எல்லாமே கச்சிதமாக இருக்காது.

அதனால் இன்ஜினைப் பிரிக்கும்போதே நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி ஃப்ளோ சோதனைக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு சிலிண்டர் போயிருக்கும்போது நான் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். மூன்றாவது இன்ஜெக்டர் மற்றவற்றைவிடக் குறைவாக ஊற்றினால் விசாரணை பாதி முடிந்தது. பெட்ரோல் ஃபில்டர் பின் இருக்கைக்கு அடியில் டேங்குக்குள் இருக்கிறது, கண்ணில் படாததால் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நாக்கிங்கைக் கேட்டுச் சொல்லும் நாக் சென்சாரின் போல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா, அதன் அடியில் துருவோ அழுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் அது செவிடு. எந்தப் பெட்ரோல் போட்டீர்கள் என்பதும் முக்கியம். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண 95 ஆக்டேன், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. இந்த இன்ஜினுக்கு 98 ஆக்டேன்தான் பரிந்துரை. சாதாரணம் போட்டாலும் நாக் சென்சார் சமாளிக்கும் என்பது புல்லி மாற்றாத வண்டிக்குச் சொன்னது.

இன்டர்கூலரின் இரு பக்க ரப்பர் பூட் கிழிந்திருந்ததால்தான் பிஸ்டன் போனது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வண்டியில் காற்றின் அளவை மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், ஏர்ஃப்ளோ மீட்டர் கிடையாது. பூட் கிழிந்தால் பவர் குறையும், அவ்வளவுதான். ஆனால் அதே இன்டர்கூலருக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அது குற்றத்தில் பங்காளி. ரிங் தேய்ந்த இன்ஜினில் கிராங்க் கேஸ் காற்று ஆயிலை இழுத்துக்கொண்டு த்ராட்டிலுக்குப் பின்னால் வந்து சேரும், சூப்பர்சார்ஜர் அதைப் பொடியாக்கி உள்ளே அனுப்பும். ஆயில் கலந்த காற்று ஆக்டேனைக் குறைத்து நாக்கிங்கைக் கூட்டும், நாக்கிங் ரிங்கை இன்னும் கெடுக்கும்.

சரி, பிரிக்கலாம். பிஸ்டனை ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றி வண்டியிலேயே எடுத்துவிடலாம் என்பார்கள். முடியும். ஆனால் உடைந்த துண்டு எங்கே போனது என்று தெரியாத இன்ஜினை நான் வெளியே இறக்கித்தான் பிரிப்பேன். முன் பம்பரும் ரேடியேட்டர் சட்டமும் மொத்தமாகக் கழன்று வரும்படி இந்த வண்டியை அமைத்திருப்பதால் வேலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஆயில் வடித்ததும் பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். காந்தம் வைத்தால் ஒட்டுவது ரிங்கும் மற்ற இரும்பும், ஒட்டாத மினுக்கல் பிஸ்டனோ பேரிங்கோ.

துண்டு மூன்று பக்கம் போயிருக்கும். மேலே போனது ஹெட்டில் அடித்துப் பள்ளம் போட்டு, வால்வை வளைத்து, எக்ஸாஸ்ட் வழியாகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய்ச் சிக்கியிருக்கும். கீழே போனது சம்ப்பில் கிடக்கும், பொடியானது ஆயில் பம்ப் வழியாகச் சுற்றியிருக்கும். மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்: வால்வ் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நொடியில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் பின்னால் எகிறியது. அதைத் துடைக்காமல் கட்டினால் புது இன்ஜினின் முதல் சுற்றிலேயே பழைய துண்டு உள்ளே வரும். ஆயில் ஃபில்டரை ஒட்டி இருக்கும் ஆயில் கூலரைக் கழுவி நம்பாதீர்கள். அதன் உள் இடுக்குகளில் ஒளிந்த பொடி எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். புதிது போடுங்கள். பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் குட்டி ஜெட்டுகளையும் ஒவ்வொன்றாக ஊதிப் பாருங்கள். மூன்றாவது ஜெட் அடைத்திருந்தால் அந்தப் பிஸ்டன் மட்டும் ஏன் சூடேறியது என்பதற்கு அதுவே பதிலாக இருக்கலாம்.

கனெக்டிங் ராடுகளையும் அவற்றின் மூடிகளையும் கழற்றும்போதே எண் போட்டு ஜோடி மாறாமல் வையுங்கள். மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் எல்லாம் புதிது. கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து, நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். ஹெட்டை அழுத்தச் சோதனைக்கும் மட்டம் பார்க்கவும் கொடுங்கள்.

இந்த டிரைடெக் இன்ஜின், பிஎம்டபிள்யூவும் கிரைஸ்லரும் சேர்ந்து பிரேசிலின் காம்போ லார்கோவில் கட்டிய தொழிற்சாலையிலிருந்து வந்தது. பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. நமக்கு நல்ல செய்தி, தாராளமாக ரீபோர் செய்யலாம், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம். போர் (சிலிண்டரின் விட்டம்) 77 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 85.8 மி.மீ., மொத்தம் 1,598 சிசி. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்கும் அளந்து எழுதுங்கள். மூன்றாவது சுவரில் கீறல் ஆழமாக இருந்தால் நான்கையும் 77.5-க்கு ரீபோர் செய்வதுதான் முறை.

ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் மாற்ற மாட்டேன். மற்ற மூன்றும் அதே பெட்ரோலில், அதே புல்லியில், அதே சூட்டில் வெந்தவை. அவற்றில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

எந்தப் பிஸ்டன்? பழைய புல்லிக்கே திரும்பி, அமைதியாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் கம்பெனி வகை வார்ப்பு பிஸ்டனே போதும். பத்துப் பதினைந்து வருடம் அப்படியே ஓடிய வண்டிகள் இருக்கின்றன. சின்னப் புல்லி தொடரும் என்றால் ஃபோர்ஜ்டு. அதிலும் இரண்டு உலோகம் உண்டு. 4032 என்பதில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான்; சூட்டில் குறைவாக விரிவதால் நெருக்கமான கிளியரன்ஸில் போடலாம், குளிர்காலக் காலையில் சத்தம் வராது. 2618-இல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும், கிளியரன்ஸ் தாராளமாக வேண்டும், சூடேறும் வரை கடகடவென்று தட்டும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு நான் 4032-தான் சொல்வேன். எதுவானாலும், நாக்கிங் தொடர்ந்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் கொஞ்சம் தாமதமாகச் சாகும், அவ்வளவுதான். கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டும் பிஸ்டன் வாங்க வேண்டாம். சாதாரண கூப்பரில் 10.6 வைத்தவர்கள் சூப்பர்சார்ஜர் உள்ள எஸ்ஸில் 8.3-க்கு இறங்கியது காரணத்தோடுதான்.

பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கை போரிங் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அந்தந்தச் சிலிண்டரை அந்தந்தப் பிஸ்டனுக்கு ஏற்ப முடிப்பார்கள். ஹெட்டுக்குப் பதில் கனமான ஒரு டார்க் பிளேட்டை மாட்டி, போல்ட்டை முழு இறுக்கத்தில் வைத்து ஹோனிங் (கல்லால் சுவரை நுண்ணியதாகத் தேய்த்து முடிப்பது) செய்யும் பட்டறையாகத் தேடுங்கள். போல்ட் இறுகும்போது சிலிண்டர் வாய் லேசாகக் கோணும், அந்த நிலையில் வட்டமாக்கினால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக் பளபளவென்று இருந்தாலும் ஹோனிங் கல்லின் தூள் குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தால் அது போகாது, இடம்தான் மாறும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேயுங்கள். காய்ந்ததும் வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி வெந்நீர். துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் இது ஓயாது. முடிந்த நிமிடமே ஆயில் பூசுங்கள், இரும்பு உடனே துருப்பிடிக்கும்.

ரிங் இடைவெளிக்கு நேரம் ஒதுக்குங்கள். ரிங்கை அதன் சிலிண்டருக்குள் போட்டு, பிஸ்டன் தலையால் ஒரு அங்குலம் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் இன்ஜினில் ரிங் அதிகச் சூடேறும், அதிகம் நீளும். இந்தப் போருக்கு மேல் ரிங்கில் 0.40-லிருந்து 0.45 மி.மீ. வரை என்பது பொதுவான கணக்கு. உங்கள் பிஸ்டனோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் தாள் சொல்வதே வேதம். இரண்டாவது ரிங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட விடுங்கள், இடையில் அழுத்தம் மாட்டினால் மேல் ரிங் துள்ளும். அரத்தை வெளி முகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் இழுங்கள், முனையில் பிசிறு நிற்கக் கூடாது. இடைவெளி கொஞ்சம் கூடிப்போனால் துளி ஆயில் கூடக் குடிக்கும், குறைந்துபோனால் மறுபடி முதலிலிருந்து.

ஹெட் போல்ட்டும் ராட் போல்ட்டும் புதிது போடுங்கள். இறுக்கும் அளவை ஒர்க் ஷாப் மேனுவலில் பார்த்துச் செய்யுங்கள், யார் நினைவிலிருந்தும் எடுக்காதீர்கள். கையில் இருக்கும்போதே சூப்பர்சார்ஜரின் இரு பக்க கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பின்பக்க ஆயில் வற்றினால் தண்ணீர் பம்பைச் சுழற்றும் கியர் தேயும், பம்ப் நின்றால் இன்ஜின் வெந்துவிடும். முன்னால் கிராங்க் புல்லியின் ரப்பர் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ளக் ஒரு படி குளிர்ந்த வகை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் ஃபியூஸையும் காயில் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பழைய பெரிய புல்லியை மாட்டித்தான் ஓட்டிப் பழக்க வேண்டும். சிந்தெடிக் வேண்டாம், சாதாரண மினரல் ஆயில். ஸ்டார்ட் ஆனதும் கசிவு பார்த்துவிட்டு ரோட்டுக்குப் போங்கள். மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் ரிங் படியாமல் சுவர் வழவழப்பாகிவிடும். மூன்றாவது கியரில் 2,500-லிருந்து 4,500 வரை பாதி மிதியில் ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்க விடுங்கள். அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் ரிங் படியும். அன்றைக்கே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். 800 கி.மீ.யில் இன்னொரு முறை.

ஸ்கிராப் யார்டு இன்ஜின் வாங்கலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கம்ப்ரஷனும் லீக்டவுனும் உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டினால், பழைய புல்லியோடு ஓட்டுவதாக இருந்தால் அது மோசமான முடிவில்லை. செலவு கண்டிப்பாகக் குறையும். ஆனால் அதுவும் இருபது வருட இன்ஜின்தான், அதன் ரிங் எப்படி என்று யாருக்கும் தெரியாது. அதில் சின்னப் புல்லியை எடுத்து மாட்டினால் அடுத்த ஏற்றத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

கட்டிய இன்ஜினில் 1,500 கி.மீ. ஓடியதும் ஒரு முறை கம்ப்ரஷன் எடுத்து எழுதி வையுங்கள், பின்னாளில் ஒப்பிட உதவும். 15 சதவீதப் புல்லி அதற்குப் பிறகுதான். பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற ட்யூன், டேங்கில் 98-க்குக் குறையாத பெட்ரோல், எக்ஸாஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார். முழு பூஸ்ட்டில் காற்றும் பெட்ரோலும் 12-க்கு 1 என்பதைவிட மெலிந்தால் காலை எடுத்துவிடுங்கள், ட்யூன் செய்தவரிடம் திரும்பப் போங்கள்.